வரவேண்டிய என்வலப்புகள்

தயாபரன் நேர்மையான மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்குமோ தெரியாது. கொழும்புக் கோட்டையில், துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் பத்தொன்பது வருடமாக லிகிதர். வெள்ளவத்தையில், கடல் தெரியாத பக்கத்தில், மூன்றாம் மாடியில் வீடு. ஒரு மனைவி, ஒரு மகன், மூன்று கடனட்டை. முதலாவது அட்டை, மகன் பிரதீஸை சர்வதேசப் பாடசாலையில் சேர்க்க எடுத்தது. இரண்டாவது, முதலாவதைக் கட்ட எடுத்தது. மூன்றாவது, சுப்பர்மார்க்கட் வாசலில் நின்ற ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு கேட்டபோது இல்லையென்று சொல்ல வாய் வராமல் எடுத்தது.

இவை எல்லாவற்றுக்கும் மூத்தது ஒரு வங்கிக் கடன். அதற்குப் பிணை நின்றவர் பக்கத்து மேசை ஷெல்டன். கொட்டாஞ்சேனைக்காரர். பிணைப் பத்திரத்தை நீட்டியபோது ஒரு கையில் இறால் வடையும் மறு கையில் பேனையுமாக, வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர். இப்போது ஐந்து தவணை பிந்திவிட்டது. வங்கி கடன்காரனை விட்டுவிட்டுப் பிணைகாரனுக்குக் கடிதம் எழுதியது. வரும் தை மாதம் முதல் ஷெல்டனின் சம்பளத்தில் மாதம் இருபத்திரண்டாயிரம் வெட்டப்படும் என்று இத்தால் அறியத்தந்தது.

ஷெல்டனின் மகள் அந்தத் தையில்தான் தாதியர் பயிற்சிக்குப் போக இருந்தாள். கட்டணத்துக்கு அவர் ஒவ்வொரு மாதமும் ஒதுக்கிவந்த தொகையும் கிட்டத்தட்ட அந்த இருபத்திரண்டாயிரம்தான். கடிதத்தை அவர் தயாபரனிடம் காட்டவில்லை. வங்கி நகல் அனுப்பியதால்தான் தயாபரனுக்கே தெரியும். "பரவாயில்லடா மச்சான், லெட்டர் எல்லாருக்கும் வரும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தயாபரனுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இந்த நிலையில்தான் அவர் தெமட்டகொடைக்குப் போனார். அங்கே ரயில் யாட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் 'தனிநபர் கடன் முகாமைத்துவ ஒருங்கிணைப்பு நிலையம்' இயங்கிவந்தது. எல்லாக் கடனையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே தவணையாக்கி, கடன்காரரோடு பேசி இறக்கித் தருவார்கள் என்று விளம்பரம் சொன்னது. வெள்ளவத்தைச் சனம் காரணமில்லாமல் தெமட்டகொடைப் பக்கம் தலை வைத்தும் படுக்காது, தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படாது என்பது அந்த நிலையத்தின் இன்னொரு சிறப்பு.

அவரை விசாரித்த ஆலோசகரின் பெயர் மேனுகா. இருபத்தாறு வயது இருக்கும். மேசையில் ஒரு மடிக்கணினி, ஒரு கள்ளிச் செடி, 'மூச்சு விடுங்கள்' என்று எழுதிய ஒரு கோப்பை. தயாபரன் தன் கடன்களைச் சொல்லத் தொடங்கியதுமே அவள் கையை உயர்த்தினாள். இங்கே கடன் என்ற சொல்லைப் பாவிப்பதில்லை, அது மனதைப் பாதிக்கும், 'பிந்திய வாக்குறுதி' என்று சொல்லவேண்டும் என்றாள். தயாபரன் தனக்குப் பதினெட்டு இலட்சம் ரூபா பிந்திய வாக்குறுதி இருப்பதாகத் திருத்திச் சொன்னார். உண்மையில் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

நிலைமை எளிமையானது. வருடம் முடியும் மார்கழி முப்பத்தோராம் திகதிக்கு முன்னர் ஆரம்பத் தொகையாக நாலு இலட்சம் கட்டினால் வங்கி திட்டத்துக்கு உடன்படும், பிணைகாரனை விட்டுவிடும். கட்டாவிட்டால் விடாது. காணி இல்லை, நகை ஏற்கெனவே அடகுக் கடையில் ஓய்வெடுக்கிறது, ஸ்கூட்டர் தள்ளினால் ஓடும். மேனுகா படிவத்தில் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்துக்கொண்டு போய், கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"வீட்டில கொப்பி இருக்கோ அங்கிள்?"

என்ன கொப்பி என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கொப்பி இல்லாத தமிழ் வீடு கொழும்பில் இல்லை. கலியாணம், சாமத்திய வீடு, வீடு குடிபூரல், பிறந்தநாள் என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும், எந்த வீட்டுக்கு எவ்வளவு என்வலப்பில் வைத்தோம் என்று எழுதிவைக்கும் கொப்பி. மனைவி சுதர்சினி அதைச் சாமியறையில் வைத்திருந்தாள். அடுத்த கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனுகா அரை மணித்தியாலம் கூட்டினாள்.

"இருபத்திரண்டு வருசத்தில ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம் குடுத்திருக்கிறீங்கள். இதெல்லாம் உங்களுக்கு வரவேண்டிய காசு."

"அது அன்பளிப்பு, பிள்ளை."

"அன்பளிப்பெண்டால் ஏன் கொப்பியில எழுதினனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு வெள்ளவத்தையில் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

ஆக, தர்க்கம் தெளிவாகிவிட்டது. கொடுத்த என்வலப் வரவேண்டிய சொத்து. சொத்தை மீட்க வேண்டும். மீட்பதற்கு ஒரு விசேஷம் வைக்க வேண்டும். ஆனால் தயாபரனுக்கு இருப்பது ஒரு ஆண்பிள்ளை. பெண்பிள்ளை பெரியவளானால் வைக்கும் சாமத்திய வீட்டுக்கு வழியில்லை. பெடியனுக்குக் கலியாணம் கட்டிவைக்கலாம் என்றால் அவனுக்கு வயது பதினாலு. மேனுகா திருமண நாளைக் கேட்டாள். கார்த்திகையில் இருபத்திரண்டு வருடம் நிறைவதாகவும், வெள்ளி விழாவுக்கு இன்னும் மூன்று வருடம் கிடப்பதாகவும் அவர் சொன்னார். விழாவை இருபத்தைந்தில்தான் வைக்கவேண்டும் என்று நிலையத்தின் சுற்றறிக்கையில் எங்கும் இல்லை என்று அவள் எடுத்துக்காட்டினாள்.

இருபத்திரண்டாம் ஆண்டுத் திருமண நிறைவு விழா நிபந்தனையாகத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 'மீட்புச் செலவு' என்ற தலைப்பில், வரவேண்டிய தொகையில் நாற்பது வீதம் வரை செலவழிக்க அனுமதியும் உண்டு. கையில் காசு இல்லாதவர்களுக்காக அதே கட்டடத்தின் கீழ் மாடியில் ஒரு லீசிங் கம்பனி திறந்திருந்தது. தயாபரன் நாலாம் மாடியிலிருந்து இறங்கி வரும்போது அங்கே படிவம் தயாராக இருந்தது.

சுதர்சினி முதலில் வெட்கத்தில் இரண்டு நாள் கடைக்குக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் விழாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய கணக்கு அனுபவத்தில் பழுத்தது: தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தால் சனம் ஆயிரம் வைக்கும், பஃபே கொடுத்தால் ஐயாயிரம் வைக்கும், பஃபேயில் ஐஸ்கிறீம் இரண்டு விதம் இருந்தால் வெட்கப்பட்டு இன்னும் ஒன்று சேர்த்து வைக்கும். அதனால் மண்டபம் குளிரூட்டியது, அழைப்பிதழ் பெட்டிக்குள் வைத்தது, வருகிறவர்கள் எல்லாம் வாடிய ரோசாப்பூ நிறத்தில் உடுத்தி வரவேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. காலிமுகத் திடலில் கணவனும் மனைவியும் புகைக்கு நடுவே ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் வீடியோவும் எடுக்கப்பட்டது. தயாபரனுக்கு முழங்கால் வருத்தம். ஓட முடியாமல் நடந்தார். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ட்ரோன் கமராவுக்குத்தான் அவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"அது இல்லாட்டி நாங்கள் கஷ்டப்பட்டுப் போனம் எண்டு சனம் நினைக்குமப்பா."

"நாங்கள் கஷ்டப்பட்டுத்தானே போனம்?"

"அதைத்தானே சனம் நினைக்கக் கூடாது."

மொத்தச் செலவு மூன்று இலட்சத்து எண்பதாயிரம் முடிந்தது. மேனுகாவின் உச்சவரம்பைவிட நாலாயிரம் கூட. அந்த நாலாயிரத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி மூன்று பிரதியில் ஒப்படைத்தார்.

மார்கழி பிறப்பதற்கு முந்திய சனிக்கிழமை விழா நடந்தது. நூற்று நாற்பது பேர் வந்தார்கள். கொப்பியில் இருந்த ஒரு குடும்பமும் தவறவில்லை. வாடிய ரோசாப்பூ நிறத்தில் ஒரு வெள்ளவத்தையே வந்து நின்றது. சிங்காரமாக உடுத்தியிருந்தார்கள், சிலர் நகைகூடப் போட்டிருந்தார்கள். மண்டபத்தின் குளிரூட்டி பாதியில் நின்றுவிட்டது. மின்விசிறியைப் போட்டால் ட்ரோன் வெட்டுப்படும் என்பதால் அதையும் போடவில்லை. சனம் வியர்த்து வழிய, தலைக்கு மேலே அந்த இயந்திரம் இரைந்துகொண்டு திரிந்தது. ஐஸ்கிறீம் இரண்டு விதமும் ஒரே விதமாக உருகியது. ஆனாலும் எல்லோரும் சந்தோஷமாக வந்து, பெட்டிக்குள் என்வலப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். அநேகமாக எல்லாமே தடிப்பான என்வலப். மேடையிலிருந்தே சுதர்சினி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "ஆயிரம் ரூபாத் தாளாய் வச்சிருக்கினம் போல" என்று புருஷனின் காதில் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து முதல் என்வலப்பை உடைத்தார்கள். சுதர்சினியின் ஒன்றுவிட்ட தம்பி கார்த்திகனுடையது. அவனுடைய மூன்று பிள்ளைகளின் விசேஷங்களுக்கும் சேர்த்து இவர்கள் கொடுத்தது பதினையாயிரம். உள்ளே ஒரு கடிதம் இருந்தது.

'அன்புடையீர், தங்களுக்கு நாம் செலுத்தவேண்டிய ரூபா 15,000, எமது கடன் முகாமைத்துவத் திட்டத்தில் உள்ளடக்கப்பட்டுள்ளது. மேற்படி தொகை முப்பத்தாறு மாதத் தவணைகளில், மாதம் ரூபா 416.66 வீதம் செலுத்தப்படும். எஞ்சும் இருபத்துநான்கு சதம் இறுதித் தவணையுடன் சேர்க்கப்படும். திருமண நிறைவு நல்வாழ்த்துகள்.'

கீழே தெமட்டகொடை நிலையத்தின் முத்திரை. அரசகரும மொழிக் கொள்கைக்கு அமைய அதே கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இணைக்கப்பட்டிருந்தது. என்வலப் தடித்ததன் காரணம் அதுதான்.

இரண்டாவதை உடைத்தார்கள், கடிதம். மூன்றாவது, கடிதம். சுதர்சினி பத்தாவதோடு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மொத்தம் அறுபத்தொரு என்வலப். ஐம்பத்தெட்டில் கடிதம். இரண்டில் ஒன்றுமேயில்லை, அவர்கள் இன்னும் திட்டத்தில் சேராதவர்கள் என்று விளங்கிக்கொண்டார்கள். மிஞ்சிய ஒன்றில் மட்டும் இரண்டு ஐயாயிரம் ரூபாத் தாள் இருந்தது. வெளியே, 'மச்சானுக்கும் தங்கச்சிக்கும், ஷெல்டன்' என்று எழுதியிருந்தது.

தயாபரன் அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஷெல்டனின் பெயர் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

திங்கட்கிழமை காலையிலேயே தெமட்டகொடைக்குப் போய்க் கடிதக் கட்டை மேசையில் வைத்தார். மேனுகா எண்ணிப் பார்த்து மலர்ந்துபோனாள். ஒன்பது இலட்சத்தில் பெரும்பகுதி எழுத்துமூலம் மீட்கப்பட்டுவிட்டது, இந்த வருடத்தில் இவ்வளவு சுத்தமான கோப்பு நிலையத்துக்கு வந்ததில்லை என்றாள். ஆரம்பத் தொகை கட்டப்பட்டதாகக் கருதப்படும் என்று பச்சை மையால் எழுதினாள்.

"வங்கி காசு கேக்குது, பிள்ளை."

"வங்கியள் இன்னும் பழைய முறையிலதான் இருக்கு, அங்கிள்."

அதற்குப் பிறகு அவள் பத்தாயிரத்தைக் கண்டுபிடித்தாள். ஷெல்டனுக்கு இவர் முன்னர் எதுவும் கொடுத்ததாகக் கொப்பியில் இல்லை. ஆகவே அது வரவு அல்ல, புதிய பிந்திய வாக்குறுதி. அதையும் திட்டத்தில் சேர்த்தாள். இன்று முதல் அவர் எந்த விசேஷத்திலும் காசாக என்வலப் கொடுக்கக் கூடாது, நிலையத்தின் கடிதம் மட்டுமே கொடுக்கலாம், மீறினால் திட்டம் இரத்து என்று ஒரு பிரிவை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பிறகு 'முன்மாதிரி வாடிக்கையாளர்' என்ற சான்றிதழைச் சட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தாள். சட்டத்துக்கு அறுநூறு ரூபா.

வங்கி பழைய முறையிலேயே நின்றது. தை மாதம் ஷெல்டனின் சம்பளத்தில் இருபத்திரண்டாயிரம் வெட்டுப்பட்டது. மகளின் பயிற்சிக் கட்டணத்தில் துண்டு விழுந்தது. பிள்ளையை வழியனுப்ப ஒரு தேத்தண்ணி விருந்து வைத்தால், வருகிற சனம் கையில் எதையாவது தருவார்கள், அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஷெல்டனின் மனைவி யோசனை சொன்னாள். கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபத்தை ஃபாதர் சும்மா கொடுத்தார். ஷெல்டன் முதல் அழைப்பைத் தயாபரனுக்குத்தான் சொன்னார்.

தயாபரன் விருந்தன்று காலையில் ஒரு ஐயாயிரம் ரூபாத் தாளை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சுதர்சினி அதை வெளியே எடுத்து, திட்டம் இரத்தானால் மூன்று அட்டைக்காரரும் வாசலுக்கு வருவார்கள், பிரதீஸின் பள்ளிக்கூடம் என்னாவது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அவர் தாளை அவளிடமே விட்டுவிட்டு, நிலையம் தந்திருந்த கடிதத்தை என்வலப்புக்குள் வைத்து ஒட்டினார். மூன்று மொழியிலும்.

மண்டபத்தில் ரோல்ஸும் பட்டர் கேக்கும் வைத்திருந்தார்கள். கம்பனியில் இருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். ஷெல்டனின் மகள் வெள்ளைச் சட்டையோடு நின்று ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். தயாபரன் என்வலப்பை ஷெல்டனின் கையில் வைத்தார். ஷெல்டன் அதை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அவருடைய முகம் மாறிப்போனது. மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார்.

"என்னடா மச்சான், இவ்வளவு ஏன் வச்ச? நீயே கஷ்டத்துல இருக்கியே."

நேர்மையான மனிதரான தயாபரன் வாயைத் திறந்தார். ஷெல்டனின் மகள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள்.

"கிடக்கட்டும் மச்சான்," என்றார் தயாபரன். "வீட்டை போய் ஆறுதலா உடைச்சுப் பார்."