ஏழு அறைகளுக்கொரு மேல்முறையீட்டு நீதிபதி

மேல்முறையீட்டு நீதிபதி என்றோர் இனம் உண்டு. கறுப்பு அங்கி, உயர்ந்த மேடை, டவாலி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், முதல் தீர்ப்பில் திருப்தியடையாத அண்டை அறைக்காரர்களும் இருந்தால் இவ்வினம் எங்கும் தழைக்கும். 2006இல் ஷார்ஜாவில், ஒரு பழைய வில்லாவைத் தடுப்புப் பலகைகளால் ஏழாகப் பிரித்து ஏழு குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில் அது நாகவள்ளியாக அவதரித்திருந்தது.

கொடிக்கயிற்று வழக்கில் தொடங்கி, குளியலறை முறை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு எனப் படிப்படியாக வளர்ந்த அவருடைய நீதித்துறை வாழ்வு, வில்லாவைக் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்த அலாவுதீன் பாயின் உத்தரவையே மாற்றும் உயரத்தை எட்டியிருந்தது. படிப்பு பத்தாம் வகுப்பு. சட்டம் சுயமாகக் கற்றது. "எதிர்த்தரப்ப கேட்டாச்சா?" என்ற ஒரே கேள்வியில் அவரது சட்டநூல் முழுவதும் அடங்கும்.

"ஏழு எமிரேட்டு சேந்தா ஒரு நாடு, ஏழு ரூமு சேந்தா ஒரு வில்லா. அப்ப நம்ம அக்கா ஃபெடரல் ஜட்ஜுதானே!" என்றார் மூன்றாம் அறை ஃபாரூக். கேலிதான். நாகவள்ளியின் காதில் அது நியமன ஆணையாக விழுந்தது.

அவருடைய புகழ்பெற்ற தீர்ப்பு: வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும்வரை பொதுச் சமையலறையில் கருவாடு வறுக்கலாகாது. வராந்தாவில் தொங்கும் தொழுகை உடுப்புகளில் வாடை ஏறுமல்லவா?

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வில்லா உறங்குகையில், விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் கொடுத்த நெத்திலிக் கருவாட்டை வறுத்தவர் யார்? நாகவள்ளியேதான். சட்டம் எழுதியவர் நண்பகல்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

வாடை பாயின் வெள்ளை ஜிப்பாவில் ஏறியது. அடுப்படியை ஒட்டிய அறை ஜொஹராவுடையது. பாய்க்கு அது போதும்.

"மாசக் கடசியில ரூம காலி பண்ணுங்க. கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

அந்த வாடகைக்கு வேறு அறை கிடையாது. கணவர் ஆண்கள் மட்டும் தங்கும் கேம்புக்கும் ஜொஹரா சொந்த ஊர் கீழக்கரைக்கும் பிரிய வேண்டியதுதான். ஜொஹரா நாகவள்ளியிடம் மேல்முறையீடு செய்தார்.

நாற்காலி சமையலறை வாசலில் போடப்பட்டது. உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் ஜொஹரா போவார். நாகவள்ளி நெடுநேரம் கூரையைப் பார்த்தார். ஆழ்ந்த சட்டச் சிந்தனை என்று எல்லோரும் எண்ணினார்கள்.

"பாய், உத்தரவு போடுமுன்ன ஜொஹராவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல."

"எதிர்த்தரப்ப கேக்காத உத்தரவு செல்லாது. அவங்க இங்கதான் இருப்பாங்க."

வில்லா கைதட்டியது. பாயே தலையசைத்தார். ஃபாரூக் மட்டும் விடவில்லை.

"எல்லாஞ் சரிக்கா. வறுத்தது யாரு?"

"அது இந்த அப்பீல்ல வராது, ஃபாரூக்கு."

எப்பேர்ப்பட்ட சட்ட நுணுக்கம்! கூட்டம் கலைந்ததும் ஜொஹரா தேநீரோடு வந்து நாகவள்ளியின் காதருகே குனிந்தார்.

"விடியக்காலையே நெத்திலி ஒட்டியிருந்த ஒங்க சட்டியக் கழுவிக் கவுத்துட்டேங்க்கா. அதான் பயமில்லாம ஒங்ககிட்டயே அப்பீலுக்கு வந்தேன். கைக்கி எலுமிச்சங்கா தேச்சுக்கிருங்க, வாட இன்னும் போகல."

நாகவள்ளி பதவி விலகியிருக்க வேண்டும் என்று உறுமும் வாசகரே, பாவம் விட்டுவிடலாம் என்று இளகும் வாசகரே, உங்களை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னது யார்? போகட்டும், உட்கார்ந்துவிட்டீர்கள். தீர்ப்பை வாசிக்குமுன் கையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.