மாடு கெடுத்த ஆராய்ச்சியும் மாமா போடாத மாத்திரையும்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலத்தை உங்களிடமே விசாரித்துப் பயனில்லை என்பதால் விசாரிக்கவில்லை. தினமும் நான் போனில் கூப்பிட்டு மாத்திரைப் பேச்சை எடுத்தாலே, "பால் பொங்குது மாப்ளே, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. தனிக்கட்டை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பால் பொங்கும்? கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது. முழுக்கப் படியுங்கள்.

இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, தினம் ஒரு கொழுப்பு மாத்திரை போடுங்கள் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. நீங்களோ, "நம்ம மாப்ளேயே மருந்து கண்டுபிடிக்கிறான், வந்ததும் சேர்த்துப் போட்டுக்கறேன்" என்கிறீர்கள். குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றதற்காக ரத்தக்குழாயையும் இரும்புக்குழாய் என்று நினைக்கக் கூடாது. அங்கே படிவது துரு இல்லை. அந்தச் சுவருக்கு உயிர் இருக்கிறது. கொழுப்பு சுவருக்குள் புகுந்ததும் நோய் எதிர்ப்புச் செல்கள் காவலுக்கு ஓடிவருகின்றன, கொழுப்பைத் தின்று தின்று வீங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன, உட்கார்ந்த இடத்திலிருந்து எக்சோசோம் என்னும் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பைகளில் சேதி கட்டிப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. சில பை "வா அடிதடிக்கு" என்கிறது, சுவர் இன்னும் அழன்று புண்ணாகிறது. சில பை "அட, விடப்பா" என்று சமாதானம் செய்கிறது. அந்தச் சமாதானப் பையை மருந்தாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. முடிந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது நீங்கள்.

என் லட்சணத்தைக் கேளுங்கள். செல்களைத் தட்டில் வளர்த்து, அவை விடுகிற பைகளை அசுர வேகத்தில் சுழலும் இயந்திரத்தில் போட்டுப் பிரிக்க வேண்டும், அடியில் படிவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் டியூப்பில் பேனாவால் குறி போட வேண்டும், நான் குறி போட மறந்து சரக்கையெல்லாம் தொட்டியில் ஊற்றினேன். மறுபடி செய்தேன். இந்தத் தடவை பைகள் கொட்டிக் கிடந்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்தில் காட்டினேன். எங்கள் சீனியர் அக்கா கேட்டார்: "செல்லுக்குத் தீனியா கன்னுக்குட்டி சீரம் ஊத்தினியே தம்பி, அதுல இருந்த பையை முதல்ல எடுத்தியா?"

"அதுல ஏதுக்கா பை?"

"கன்னுக்குட்டிக்கும் ரத்தம்தானேடா ஓடுது! அதுலேர்ந்து எடுத்ததுதானே சீரம்!"

அவ்வளவுதான். இத்தனை நாள் நான் எண்ணியதில் முக்கால்வாசி மாட்டுப் பை. பேராசிரியர் திட்டக்கூட இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வகத்தில் இப்போது என் பெயர் பால்காரன். பட்டப்பெயர் வைக்கவாவது நாலு பேர் என்னிடம் பேசினார்களே என்று இருந்தது. காலையில் கையுறை மாட்டினால் மாலைவரை எனக்குப் பேச்சுத்துணை அந்த இயந்திரத்தின் உறுமல்தான். அறைக்குப் போனால் அதுவும் இல்லை. தட்டில் கிடக்கிற செல்கூட ஓயாமல் பக்கத்துச் செல்லுக்குச் சேதி அனுப்புகிறது. எனக்கென்று ஒரு குரல் வருவது உங்களிடமிருந்துதான், அதுவும் "இன்னைக்கும் போடலை மாப்ளே" என்று. உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் அதுவும் கிடையாது.

ஆகவே பச்சையாகச் சொல்கிறேன். என் மருந்து வரப் பல வருடமாகும், வராமலும் போகலாம். மாத்திரை இன்றைக்கே கடையில் இருக்கிறது. போட ஆரம்பிக்கும்வரை நான் போன் பண்ணப்போவதில்லை.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும் வயது எனக்கில்லை, சொல்ல வேறு ஆளும் இல்லை.

வணக்கத்துடனும் குறையாத கோபத்துடனும்,
மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் தெரு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். "யாரு, பைப்புக்கார ஐயாவுக்கா? டாக்டர் எழுதின நாள்லேர்ந்து தவறாம வாங்கிப் போடறாரே தம்பி! போட்டுட்டேன்னு சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்களாம், சொல்லிச் சிரிச்சாரு" என்றார். மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நாளைக்கும் கூப்பிடுவேன், இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகும் கூப்பிடுவேன். போட்டீர்களா என்று கேட்பேன். போடலை என்றே சொல்லுங்கள். எனக்கு யாரிடமாவது கத்த வேண்டும்.