ஏழு இருபத்தைந்து ஆரத்தி

மாலை ஏழு இருபத்து நான்கு. பூஜை மணியைக் காணோம்.

"கமலா! மணி எங்கே?"

"நேத்து நீங்கதானே அடிச்சீங்க?" என்றாள் கமலாட்சி, சமையலறையிலிருந்து.

"அடிச்சேன், வெச்சேன், இப்போ இல்லை! இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு!"

கடைசி பஸ்ஸைத் தவறவிடப் போகிறவரைப் போல சுவாமிநாதன் கூடத்தில் இங்குமங்கும் ஓடினார். நாற்காலிக்கு அடியில் பார்த்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தார். ஆறு வயது ஷான்தால் நகத்தைக் கடித்தபடி சொன்னாள்:

"பப்பா, மணியைத் தாந்தீன் சொலாஞ்ஜோட ஆட்டுக்குட்டி கழுத்திலே கட்டிட்டேன். அது அழகா இருக்கு."

பக்கத்து வீட்டு சொலாஞ்ஜைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் தாந்தீன், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஆடு எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. போய் அவிழ்த்து வர நேரமில்லை. தொலைக்காட்சியில் புல்லாங்குழல் இசை தொடங்கிவிட்டது.

சுவாமிநாதன் சமையலறைக்குள் பாய்ந்து இரண்டு பாத்திர மூடிகளைத் தூக்கி வந்து ஒன்றோடொன்று மோதினார். ஜங்! ஜங்! கமலாட்சி கற்பூரத் தட்டோடு வந்தாள். மூத்த மகள், பன்னிரண்டு வயது வள்ளி எழுந்தாள். நால்வரும் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, எதிர்ச்சுவரில் இருந்த பெரிய முருகன் படத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். இருபத்தைந்து வினாடி. பிறகு செய்தி தொடங்கியது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சுக்கோ முருகா, நாளைக்கும் கூப்பிடுவேன்" என்று சுவாமிநாதன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. தீவின் தெற்கே ரோஸ் பெல் ஊரைச் சுற்றிய கரும்புக்காட்டு வீடுகளிலிருந்து பெண்கள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறிப் போன காலம். கமலாட்சி ஸ்வெட்டர் பின்னும் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்துதான் அந்த வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வந்தது. அதன்மேல் அவளே பின்னிய லேஸ் துணி. துணியின்மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா. வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். தமிழ் முருகனுக்கும் தைப்பூசத்துக்கும். ஒரே அறையில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த மாலைகளை இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

அந்த இனிப்பின் நடுவில்தான் அந்த விளம்பரம் வந்தது.

வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பெண் கடற்கரையில் ஓடி வருவாள். பிறகு ஒரு கை கண்ணாடிக் குவளையிலிருந்து நீலத் தண்ணீரை ஒரு பஞ்சுப் பட்டையில் ஊற்றும். சொட்டு வெளியே வராது. முதல் நாள் சுவாமிநாதன் செய்தித்தாளுக்கு மேலாக அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, "மை ஒத்தியெடுக்க நல்ல சரக்கு. ஆலை ஆபீசுக்கு ரெண்டு டஜன் வாங்கலாம்" என்றார். அவர் சர்க்கரை ஆலையில் பண்டகசாலைப் பொறுப்பாளர். கமலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளி தரையைப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் அவருக்கே புரிந்தது. பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதையா காட்டுவார்கள்?

மூன்றாம் நாள் இசை தொடங்கியதும் பலமாக இருமினார். விளம்பரம் முடியும்வரை இருமினார். ஒரு வாரம் இப்படிப் போனது. கமலாட்சி பயந்துபோய் மிளகுக் கஷாயம் வைத்தாள். சொலாஞ்ஜின் கணவன் அந்துவான் வேலிக்கு மேலாகத் தேனும் ரம்மும் கலந்து நீட்டினான். ஆலை மருந்தகத்தில் வேப்பெண்ணெய் மாதிரி ஒரு மருந்தை மூன்று வேளை குடிக்கச் சொன்னார்கள். இருமல் நின்றது.

அடுத்து, "வள்ளி, தண்ணி!" என்று அவளை எழுப்பி அனுப்பிப் பார்த்தார். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் ஏழு இருபதுக்கே ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பினார். படம் போய்விட்டது. ஆனால் பக்கத்து ரெயூனியன் தீவின் நிலையம் பளிச்சென்று வந்து சேர்ந்தது. அங்கேயும் அதே விளம்பரம். அதில் அந்தப் பெண் குதிரையும் ஓட்டினாள்.

கடைசியில் முருகனே கதி என்று மணியை எடுத்தார். வேலை செய்தது. விளம்பரத்தில் பொருளின் பெயர் வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆரம்பத்தில் கூச்சத்தில் அவர் காதில் வாங்காத அந்தப் பெயர், இப்படிக் கடைசிவரை விழாமலே போனது.

ஜன்னல் வழியாக இதைக் கவனித்தவர் கோயில் சங்கத் தலைவர் விஸ்வம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"சுவாமி, தினம் ஒரே நேரத்துக்கு ஆரத்தி எடுக்கறீங்களே! ஏழு இருபத்தஞ்சு என்ன நேரம்?"

"அது... நல்ல நேரம்" என்றார் சுவாமிநாதன்.

"பார்த்தீங்களா? நமக்கெல்லாம் தெரியாம போச்சே!"

அடுத்த வாரம் இன்னும் மூன்று வீடுகளில் ஏழு இருபத்தைந்துக்கு மணி அடித்தது. அதற்கடுத்த வாரம் விளம்பரத்தை எட்டு பத்துக்கும் போட ஆரம்பித்தார்கள். சுவாமிநாதன் எட்டு பத்துக்கும் கற்பூரம் ஏற்றினார். "ரெண்டு கால பூஜை!" என்று விஸ்வம் உருகிப்போய், வரப்போகும் தைப்பூசத்தில் முதல் ஆரத்தித் தட்டு சுவாமிநாதன் கையில் என்று அறிவித்துவிட்டார். சுவாமிநாதனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லிப் பெற்ற தட்டு.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. வீட்டில் பக்தி வளர்ந்திருந்தது. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை துடைக்கிற முருகன் படத்துக் கண்ணாடியை இப்போது கமலாட்சி தினமும் ஆறரைக்குப் பழைய காகிதத்தால் பளபளவென்று துடைத்தாள். சில நாள் வள்ளியே துடைத்தாள். ஆரத்தியின்போது பிள்ளைகள் இமைகூடக் கொட்டாமல் படத்தையே பார்ப்பார்கள். சின்னவள் சில சமயம் சிரித்துக்கொண்டே பார்ப்பாள். ஒரு குடும்பம் நாளைக்கு இருபத்தைந்து வினாடி சேர்ந்து நின்றால்கூட அது வீண்போகாது என்று அவர் நம்பினார். அது சரிதான்.

தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தது. ஆலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கமலாட்சியின் தொழிற்சாலை பஸ் எங்கோ மாட்டிக்கொண்டது. சுவாமிநாதன் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது சொலாஞ்ஜ் வந்தாள்.

"சுவாமி, சுத்தியலைக் கீழே வைங்க. சீனர் கடை மூடறதுக்குள்ள போகணும்."

"மெழுகுவர்த்தி இருக்கு, சொலாஞ்ஜ்."

"மெழுகுவர்த்தி இல்லை. நீங்க எதுக்கு மணி அடிப்பீங்களோ, அது வேணும்."

அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சுத்தியல் காலில் விழுந்தது.

"வள்ளியா?"

"வள்ளிதான். அவ அம்மா எப்போ வருவாளோ தெரியாது. என் வீட்டுல அது தேவைப்பட்டுப் பத்து வருஷம் ஆச்சு. நான் பிள்ளைகிட்ட இருக்கேன், நீங்க போங்க."

"குழந்தை அழுதாளா? பயந்துட்டாளா?"

"எங்கே பயந்தா? பதறாம வந்து, தாந்தீன், எனக்கு இன்னது வேணும்னு சொன்னா. எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கா."

"எப்படித் தெரியும்? நான் அவளை ஒரு நாளும் அதைப் பார்க்க விடலையே!"

சொலாஞ்ஜ் உள்ளே போய்விட்டாள். சுவாமிநாதன் ஷான்தாலின் கையைப் பிடித்துக்கொண்டு காற்றில் குனிந்து நடந்தார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. குழந்தை காத்திருக்கிறாள். வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

சீனர் ரேமோனின் கடையில் ஊரே நின்றது. ரொட்டிக்கும் சார்டின் டப்பாவுக்கும் கைகள் நீண்டுகொண்டிருந்தன. வரிசையில் அந்துவான். அவனுக்குப் பின்னால், யார் இருக்கக் கூடாதோ அவரே, விஸ்வம்.

"முசியே சுவாமி, என்ன வேணும்?" என்றார் ரேமோன்.

"அது வந்து... வெள்ளையா இருக்கும்."

"சீனியா? மாவா?"

"இல்லை. மெத்துன்னு இருக்கும்."

"ரொட்டி தீர்ந்துபோச்சே."

"ரொட்டி இல்லை, ரேமோன். அதுமேல நீலத் தண்ணி..."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று ரேமோன் துணிக்குப் போடும் நீலக்கட்டிகளை எடுத்து வைத்தார்.

வரிசை முனகியது. விஸ்வம் எட்டிப் பார்த்தார். "சுவாமி, பூஜைச் சாமானா? தயங்காம கேளுங்க!"

சுவாமிநாதன் வாசல் பக்கம் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா? தைப்பூசத் தட்டு கண்முன் வந்தது. அதற்குப் பின்னால் வள்ளியின் முகம் வந்தது. கண்ணை மூடினார். பெயர்தான் தெரியாது, மெட்டுத் தெரியுமே! அந்தப் புல்லாங்குழல் இசையை, "ல ல லா" என்று பாடினார்.

ரொட்டிக்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன.

அந்துவான்தான் முதலில் சேர்ந்துகொண்டான், வார்த்தைகளோடு. அடுத்து மூன்று பெண்கள். மாவு மூட்டை சுமந்தவர் கட்டைக் குரலில் எடுத்தார். கடைசி அடி வந்தபோது, அவரால் ஒரு நாளும் கேட்க முடியாமல் போன அந்தப் பெயரைக் கடை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அதில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக ஒலித்தது விஸ்வத்தின் குரல்.

சுவாமிநாதன் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். விஸ்வம் கூரையைப் பார்த்தார்.

"பெரியவளுக்கா?" என்று கேட்டார், மெதுவாக.

"ஆமாம். முதல் தடவை. தலைவரே, அந்த ஏழு இருபத்தஞ்சு... அது நல்ல நேரமெல்லாம் இல்லை. இந்த விளம்பரம் வர்ற நேரம். தட்டை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

விஸ்வம் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்க. இவரை முதல்ல அனுப்புவோம், வீட்டுல பிள்ளை காத்துக்கிட்டிருக்கு." சுவாமிநாதனின் தோளில் கை வைத்தார். "தட்டு உங்களுக்குத்தான். புயல்ல மகளுக்காக வெளியே வந்த கை அது."

ஒரு பெண் தன் குடையை நீட்டினாள். ரேமோன் ஏணி போட்டு ஏறி, உச்சித் தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, காகிதத்தில் சுற்றப் போனார்.

"சுத்த வேண்டாம், ரேமோன்" என்றார் சுவாமிநாதன். தன் குரல் இவ்வளவு உறுதியாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். "என் மகளுக்கு வாங்கறேன். இப்படியே கொண்டுபோறேன்."

பெட்டியை அவர் கக்கத்தில் இடுக்கியபோது ஷான்தால் அதை இழுத்துப் பிடித்து உற்றுப் பார்த்தாள். மேலே வெள்ளைக் கால்சட்டை போட்ட அந்தப் பெண் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பப்பா, இது வேண்டாம், தப்பா அச்சடிச்சிருக்காங்க!" என்றாள் ஷான்தால், கடை முழுக்கக் கேட்கும்படி. "இதுல இந்த விளம்பர அக்கா அந்தப் பக்கமா ஓடறா. தினம் நம்ம முருகன் படத்துக் கண்ணாடியில தெரியறப்போ மயிலைப் பார்த்துத்தானே ஓடி வருவா!"