ஒருவழி மூடி

"என்னங்க, தண்ணி மறுபடியும் பொங்குது!"

மனைவி போட்ட சத்தத்தில் இன்ஜினியர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தார். கீழ் அறையில் மாமனார் கட்டிலின்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். குளியலறைத் துளை வழியாகத் தெருத் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருந்தது.

ஊரில் எங்கே மழைநீர் தேங்கினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இவர் வீட்டு வடிகால் மட்டும் இவர் பேச்சைக் கேட்காது. குழாய் தெருக் கால்வாயில் சேருமிடத்தில் ஒரு மூடி தொங்குகிறது. வீட்டுத் தண்ணீர் தள்ளினால் திறக்கும். தெருத் தண்ணீர் திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்கு இந்தக் கஷ்டம்? மழைக்காலம் முடிஞ்சதும் நான் என் வீட்டுக்கே போயிடறேன்," என்றார் மாமனார்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போன பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தவள் அவள்.

"நான் சரி பண்றேன் மாமா. நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

மற்ற நாளில், "சின்னஞ்சிறுசுக இருக்கிற இடம்" என்று மாடிப் பக்கமே வராதவர், வெள்ளம் வந்ததால் வேறு வழியின்றி ஏறி வந்தார். ஒரே கட்டிலில் மூவரும் சீட்டாடினார்கள். மாமனார் கூச்சமே இல்லாமல் ஏமாற்றினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால், மூடியின் இடுக்கில் அரைச் செங்கல்.

"கால்வாயில என்னத்தையெல்லாம் போடறாங்க!" என்று திட்டிவிட்டு, கனமான மூடியாக மாட்டினார். அடுத்த மழையில் அதன் இடுக்கில் ஒரு மரக்கட்டை. அறையில் முழங்கால் தண்ணீர். குப்பையைத் தடுக்க வலை கட்டினார். வலையை இலை அடைத்து, மொட்டைமாடித் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கட்டிலையே தூக்கியது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

கடைசியில் மூடியைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அறையில் ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீங்களா மாமா!"

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை," என்றார் மாமனார். குரலில் சந்தோஷத்தைக் காணோம்.

அவர் கீழேயே தனியாகச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே விளக்கை அணைத்தார். மாடியில் மனைவி சீட்டுக்கட்டைக் கலைத்து, கலைத்து, திரும்பப் பெட்டியில் வைத்தாள். இன்ஜினியர் சாவியை அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தார். ஜெயித்தவருக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் பார்த்தால், மாமனார் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

"வீட்ல ஒரு குறையும் இல்ல. இனி நான் இங்க எதுக்கு? சாயங்காலம் கிளம்பறேன்."

இந்த மனிதர் போனால் மகளுக்கு மட்டுமல்ல, தனக்கும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்பது அப்போதுதான் இன்ஜினியருக்கு உறைத்தது. இருங்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

மதியம் மேகம் கறுத்தது. அடுக்களை ஆணியில் சாவியைக் காணோம். தேட நேரமில்லை, பூட்டை உடைத்துக்கொள்ளலாம். பாதிச் செங்கல் ஒன்றைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு, படித்த படிப்பையெல்லாம் மறந்து, கால்வாய்க்குப் போனார். கூண்டின் பூட்டு திறந்தே கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டம்மா கூப்பிட்டாள்.

"தம்பி, அதுல இனிமே இடமில்ல! வழக்கம்போல பெரியவர் காலையிலேயே செங்கல் வச்சிட்டாரு, உங்க வீட்டம்மா இப்பதான் கட்டையைச் சொருகிட்டுப் போறாங்க!"