கை திறக்கக் கற்ற உடும்பு

ஒரு காட்டில், எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு அந்தப் பக்கம் இன்னும் போக்குவரத்து இருக்கிறது, வீரணன் என்று ஓர் உடும்பு இருந்தான். அவன் மனைவி பெயர் சடைச்சி. ஏரியோரப் பள்ளத்தில் ஒரு வளையில் குடித்தனம். பள்ளம் என்றால் சும்மா பள்ளம் இல்லை. வானத்தில் ஒரு மேகம் தும்மினாலே வளைக்குள் தண்ணீர் நிற்கும். போன ஐப்பசியில் சடைச்சி இட்ட முட்டை அத்தனையும் வெள்ளத்தோடு போயின. அவள் ஒரு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் திறந்தாள்.

"இன்னொரு தடவை நான் பள்ளத்துல முட்டையிட மாட்டேன். மேட்டுல ஒரு இடம் பாரு. இல்லாட்டி வேற பொண்டாட்டி பாரு."

மேட்டில் இடம் இல்லாமல் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று வெகு காலமாகக் காலியாகக் கிடந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. எந்த மழைக்கும் அசையாது. ஆனால் அது அரசாங்கப் புற்று. வீரணன் மனு கொடுத்தான். மனுப் பிரிவில் இருந்த மான் அதைத் தின்றுவிட்டது. மறுபடி எழுதிக் கொடுத்தான். மானுக்கு மறுபடியும் பசி.

இந்த நேரத்தில்தான் பட்டம் வந்தது. ஏரிக்கரையில் கூடாரம் போட்ட மனிதர்கள் சிலர், தேனீ துரத்த, போட்டது போட்டபடி ஓடியபோது அதை விட்டுப் போனார்கள். நாம் பார்த்த பட்டம் மாதிரி வாலும் ஒற்றை நூலும் இல்லை. முக்கோணமாக, பருந்து இறக்கை விரித்தாற்போல் இருந்தது. நூல் இரண்டு. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. வலதை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடதை இழுத்தால் இடப்பக்கம். தெரிந்தவன் கையில் இருந்தால் வானத்தில் குட்டிக்கரணம் போடும்.

சிங்கராஜா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மோந்து பார்த்தார். பிறகு அறிவித்தார்.

"இனிமேல் நம்ம காட்டில் எதுவும் தகுதி அடிப்படையில்தான். வளையோ, பொந்தோ, புற்றோ, இந்த இரட்டை நூல் பட்டத்தில் யார் நல்ல வித்தை காட்டுகிறாரோ அவருக்கே. ஐப்பசி பிறந்ததும் வற்றிய ஏரித் திடலில் போட்டி."

பட்டத்துக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு முயல் கேட்டதாம். அந்த முயலை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஆலமரத்தில் பலகை தொங்கியது: "மயில்வாகனம் பட்டப் பயிற்சி மையம். சேர்க்கை நடைபெறுகிறது. புற்று உத்தரவாதம்." நடத்துகிறவர் மயில். மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிட வேண்டும். தரையிலிருந்து ஆலமரத்தின் தாழ்ந்த கிளைக்கு ஏறினாலே மூச்சு வாங்கும் ஆசாமி. ஆனால் தோகையை விரித்துவிட்டால் எதிரே இருப்பவருக்குக் கேள்வியே தோன்றாது. அரண்மனைக்கு நல்ல பிள்ளை என்பதால் பட்டமும் பராமரிப்புக்கென்று அவரிடமே வந்துவிட்டது. கட்டணம், தினம் ஒரு வாய் கரையான்.

வீரணன் சேர்ந்தான். வேறு என்ன செய்வான், பாவம்!

பட்டத்தைத் தொடவே பல நாள் ஆயிற்று. முதலில் காற்றுக்கு வணக்கம் வைக்கும் முறை. அப்புறம் நிற்கும் தோரணை. அப்புறம் வரிசை. இருப்பது ஒரே பட்டம். காட்டுப்பன்றி, நரி, கீரி எல்லாம் வரிசையில் நிற்க, கடைசியில் வீரணன் முறை வந்தது. எடுத்த எடுப்பில் பட்டம் சர்ரென்று இறங்கி மூக்கைத் தரையில் குத்தி நின்றது.

மாஸ்டர் துள்ளிக் குதித்தார். "அடப்பாவி! மூக்குக் குத்திட்டியே! பட்ட விளையாட்டில் இதைவிடக் கேவலம் கிடையாது. போட்டியில் இப்படிக் குத்தினால் நேரே பூஜ்யம்."

வீரணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடிக் காற்று வீசிய நாளெல்லாம் திடலிலேயே கிடந்தான். வட்டம் வந்தது. சதுரம் வந்தது. உச்சியிலிருந்து பட்டத்தைப் பாயவிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே சட்டென்று நிறுத்தவும் வந்தது. மூக்கு தரையை நெருங்கினாலே போதும், கை தானாகத் தூக்கிவிடும். இதெல்லாம் அவனுக்குச் சுலபம். நூலை இறுக்கிப் பிடித்துச் செய்கிற வேலை, உடும்புக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

வராதது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் மல்லாத்தி. ஒரு வெட்டு வெட்டி இழுத்து, அடுத்த கணமே இரண்டு கையையும் முன்னால் கொடுத்து நூலைத் தொங்கவிட வேண்டும். நூல் தளர்ந்தால்தான் பட்டம் புரண்டு, மல்லாந்து, காற்றிலேயே பாய் போட்டுப் படுத்தாற்போல் மிதக்கும். போட்டியில் ஜெயிக்க மல்லாத்திதான் வழி என்று ஊரே பேசியது.

நூலைத் தளர்த்துவதா? வீரணன் வம்சம் என்ன வம்சம்! அவன் முப்பாட்டன் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரில் எறிந்தார்களாம். அந்தக் கயிற்றில் திருடர்கள் வரிசையாக ஏறினார்களாம். அத்தனை பேர் தொங்கியும் முப்பாட்டன் பிடியை விடவில்லை. அப்படிப்பட்ட ரத்தம். எதையாவது சுண்டினால் கை இன்னும் இறுகுமே தவிரத் திறக்காது.

மாஸ்டர் கிளையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு உபதேசம் செய்தார். "விடு வீரணா, விடு. பற்றுதான் உன் நோய். பற்றை விட்டவனுக்குப் பட்டமும் வரும், புற்றும் வரும்."

வீரணன் விட்டுப் பார்த்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது. ராத்திரி படுத்தால் மனைவியின் வாலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "விடு, விடு" என்று தூக்கத்தில் உளறினான். சடைச்சிக்கு வயிறு பெருக்க ஆரம்பித்திருந்தது. அவள் கிழக்கே மேகத்தைப் பார்ப்பாள், புருஷனைப் பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டுக்கு ஒரு காடை முட்டை கொண்டுவந்தாள். காடை என்ன நினைத்தது என்று இந்தக் கதையில் கேட்கக் கூடாது. வீரணன் அப்போதுதான் பட்டத்தை வெட்டி இழுத்திருந்தான். கண்ணில் முட்டை பட்டது. வாய் ஆவென்று திறந்தது. வாய் திறந்ததும் கையும் திறந்துகொண்டது. நூல் தளர்ந்தது. மேலே பட்டம் அழகாகப் புரண்டு மல்லாந்தது!

"ஏ மனுசா!" என்று கத்தினாள் சடைச்சி. "உன் கையும் வாயும் ஒரே நரம்புய்யா!"

அதற்கப்புறம் முட்டைகூடத் தேவைப்படவில்லை. இழுப்பான், வாயைப் பிளப்பான், பட்டம் மல்லாக்கும். மாஸ்டர் இதைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லிக்கொடுத்த வாய்த் திறப்பு முறை" என்று பலகையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்தது. திடலில் காடே கூடியிருந்தது. போட்டியைத் தொடங்கிவைக்க முதலில் பட்டத்தை ராஜாவே விட வேண்டும் என்றார்கள். அதுவரை அவர் அதைக் காலால்கூடத் தொட்டதில்லை. நூலைப் பிடித்தார். கர்ஜித்தார். இழுத்தார். பட்டம் ஏறியது, ஒரு சுற்று சுற்றியது, சர்ரென்று இறங்கி அவர் காலடியிலேயே மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

எல்லாரும் முயலை நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் சுதாரித்தவர் மயில்வாகனம் மாஸ்டர். தோகையைப் படபடவென்று விரித்து, "ஆஹாஹா! மூக்குக்குத்தி! வித்தைகளுக்கெல்லாம் ராஜ வித்தை! என்ன நேர்த்தி, என்ன குத்து!" என்று கூவினார். உடனே காடே கைதட்டியது. யானை தும்பிக்கையைத் தூக்கி வாழ்த்தியது.

ராஜா பிடரியைச் சிலுப்பிக்கொண்டார். "ஆமாம். வேண்டுமென்றே செய்ததுதான். இன்றைய போட்டியே இந்த மூக்குக்குத்திக்குத்தான்."

முதல் நாள் வீரணனுக்குத் தானாக வந்த வித்தை! சரி, குத்திவிட்டுப் போவோம் என்று பட்டத்தை ஏற்றிப் பாயவிட்டான். மூக்கு தரையை நெருங்கியது. கை தூக்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பாயவிட்டான். பாழாய்ப்போன கை மறுபடி தூக்கிவிட்டது. காட்டுப்பன்றியும் நரியும் சுலபமாகக் குத்திவிட்டுப் போனார்கள். வீரணனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெட்டி இழுத்தான், வாயைப் பிளந்தான். பட்டம் மல்லாந்தது. நீல வானத்தில் நூல் இரண்டும் தளர்ந்து வளைந்து தொங்க, பட்டம் ஒரு எடையும் இல்லாமல் மிதந்தது. அந்தக் கொஞ்ச நேரம் வீரணன் பள்ளத்தை மறந்தான், புற்றை மறந்தான். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவ்வளவு சந்தோஷமான ஒரு உடும்பு முகத்தைப் பார்த்ததில்லை.

"அழகாத்தான் இருக்கு," என்றார் ராஜா. "மூக்கு எங்கே குத்தியது?"

பூஜ்யம். மேட்டுப் புற்று, மூக்குக்குத்திக் கலையைக் கண்டறிந்து பெயரிட்ட மயில்வாகனம் மாஸ்டருக்கு, உயர்நிலைப் பயிற்சி மையம் அமைப்பதற்காக ஒதுக்கப்பட்டது. மயில் மரத்தில் தூங்குகிற ஜாதி, புற்று எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீரணன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சடைச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"போகட்டும், விடு சடைச்சி," என்றான் அவன்.

"அந்த மாஸ்டர் பேச்சை எங்கிட்டப் பேசாதே. எனக்கு வலி எடுத்துடுச்சு. நட மேட்டுக்கு."

இருட்டுவதற்குள் சடைச்சி புற்றுக்குள் முட்டையிட்டு முடித்தாள். வீரணன் வாசலை அடைத்துக்கொண்டு, தலை வெளியே, உடம்பு உள்ளே, நான்கு கால் நகத்தையும் புற்று மண்ணில் பதித்துப் படுத்தான். மறுநாள் காலையில் ராஜா, மாஸ்டர், யானை மூவரும் ரிப்பன் வெட்ட வந்தார்கள். பின்னால் காடே வந்தது.

"ஆக்கிரமிப்பு! இழுத்து எறி," என்றார் ராஜா.

யானை வீரணன் கழுத்தில் தும்பிக்கையைச் சுற்றி இழுத்தது. வீரணன் இறுகினான். இன்னும் இழுத்தது. இன்னும் இறுகினான். முப்பாட்டன் ரத்தம் அப்போதுதான் வேலைக்கு வந்தது. யானைக்கு மூச்சு முட்டியதே தவிர, வீரணன் ஒரு விரற்கடை நகரவில்லை.

மாஸ்டர் சிரித்தார். அவருக்குத்தான் ரகசியம் தெரியுமே! ஓடிப் போய் ஒரு முட்டையைக் கொண்டுவந்து வீரணன் மூக்குக்கு நேரே நீட்டினார். பெரிய மயில் முட்டை. யார் வீட்டு முட்டை என்று கேட்காதீர்கள், அவர் மனைவி இன்றைக்கும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"விடு வீரணா, விடு. நான் சொல்லிக்கொடுத்தேன் இல்லையா?"

வீரணனுக்கு நாக்கில் நீர் ஊறியது. உதடு துடித்தது. வாய் திறக்கப் பார்த்தது. முன்னங்கால் நகம் ஒன்று மண்ணை விட்டு மெல்லக் கழன்றது. ஐயோ, போச்சு!

உள்ளேயிருந்து சடைச்சி சரேலென்று தன் வாலை நீட்டி அவன் வாய்க்குள் திணித்தாள். வீரணன் கபக்கென்று கவ்விக்கொண்டான். கழன்ற நகம் மறுபடி மண்ணில் இறங்கியது.

"சொல்லிக்கொடுத்தீங்க மாஸ்டர், இல்லேங்கல," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அது நூலுக்கு. இது வீடு."

அந்த நேரம் மழை சடசடவென்று கொட்டியது. கீழே பள்ளம் நிரம்புவது எல்லார் கண்ணிலும் பட்டது. ராஜாவின் பிடரி நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. பிடரி நனைந்த ராஜாவைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிடக்கூடும். அவர் அவசரமாகக் கேட்டார்.

"மாஸ்டர், இவன் செய்வது என்ன?"

மயில்வாகனம் மாஸ்டர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ராஜா, இதுதான் ஒட்டுப்பிடி. பட்டமே இல்லாமல் செய்கிற உயர்நிலை வித்தை. என் மாணவன்."

"நினைத்தேன்," என்றார் ராஜா. "புற்றை இவனுக்கே கொடுத்தோம்." காடே கைதட்டியது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ஐப்பசியில் இட்ட முட்டை அத்தனையும் பொரித்தன. மாஸ்டரின் பலகையில் இன்னொரு வரி ஏறியது: "எங்கள் மாணவர் புற்று பெற்றார்." இந்தத் தடவை சேர்க்கைக்கு வரிசை ஏரிக்கரை வரை நிற்கிறது.

நீதி: வித்தையைக் காட்டி வீடு கேட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஆகவே முதலில் வீட்டுக்குள் போய் நகத்தைப் பதித்து, மனைவியின் வாலை வாயில் கவ்விக்கொள்ளவும். வித்தைக்குப் பெயர் வைக்க ஒரு மாஸ்டர் தானாக வந்து சேருவார்.