வாழ்வியல் நெறி முகாமும் ஒரு கிடேரியும்

உத்திரமேரூர் உலகத்துக்கு இரண்டு கொடைகளை அளித்திருக்கிறது. ஒன்று, குடவோலைத் தேர்தல். மற்றொன்று, மனித உடம்பைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் பாலியல் கல்வி நடத்தும் முறை. முதலாவதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டுபிடித்த கல்லூரி முதல்வர் தாண்டவராயன் அவர்களுக்கு இன்னும் கல் கிடைக்கவில்லை.

கண்டுபிடிப்பின் வரலாறு வருமாறு. மாணவ மாணவியருக்கு உடனே 'பாலியல் கல்வி முகாம்' நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதல்வர் குழு அமைத்தார். குழு முதல் கூட்டத்திலேயே வடை சாப்பிட்டு, தலைப்பிலிருந்து 'பாலியல்' என்ற சொல்லை ஒருமனதாக நீக்கி, 'வாழ்வியல் நெறி முகாம்' என்று பெயர் சூட்டியது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெண் மருத்துவரைப் போனில் அழைத்தார்கள். படம் காட்டக் கூடாது, உறுப்புகளின் பெயர் சொல்லக் கூடாது, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வேறு நிபந்தனை ஏதும் இல்லை.

"அப்ப நான் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நொடியில்தான் முதல்வருக்கு ஞானம் பிறந்தது. "மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. மாட்டைப் பத்திப் பேசினா ஒருத்தருக்கும் கூச்சம் வராது."

எவ்வளவு பெரிய உண்மை! பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் செவ்வந்திக்கு அது வீட்டிலேயே தெரியும். அவள் அப்பா சின்னப்பையன் கூலிக்காரர். நடவும் அறுப்பும் இல்லாத நாளில் சென்ட்ரிங் வேலை. வீட்டில் செவலைக் கிடேரி ஒன்று, இன்னும் கன்று ஈனாதது. விடியற்காலையில் அது கத்தினால் போதும், தெருவுக்கே கேட்கும்படி மாட்டு டாக்டரிடம் போனில் சொல்வார்: "சார், செவல பருவத்துக்கு வந்துகீது. கத்திக்கினே கீது. ஊசி போட வாங்க." பல் துலக்கிக்கொண்டிருப்பவர்கள் வாயில் நுரையோடு வந்து ஆலோசனை சொல்வார்கள். ஒழுக்கு கண்ணாடி மாதிரி இருக்கிறதா, கலங்கலா என்று பொடிசுகள்கூட வால் தூக்கிப் பார்த்துச் சொல்லும்.

அதே வீட்டில் செவ்வந்தி வீட்டுக்குத் தூரம் என்றால், அம்மா சிட்டம்மாள் கண்ணால் மட்டும் ஜாடை காட்டுவாள். சின்னப்பையன் ஆகாயத்தைப் பார்த்து, மழை வருமா என்று யோசிப்பார்.

சில மாதங்களாகச் செவ்வந்திக்கு அது வந்தால் நிற்பதில்லை. மாதத்தில் பாதி போய்க்கொண்டே இருந்தது. லீவு நாளில் நடவுக்குப் போனவள் கையில் நாற்றோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கம்பி நடுங்குகிறதா கை நடுங்குகிறதா என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னாள்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்," என்றாள் சிட்டம்மாள்.

"அதுவரிக்கும் உசுரு இருக்கணுமேம்மா."

"வாய மூடுடி. நைனா காதுல வுழப் போவுது."

முகாம் நாள் வந்தது. ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கெட்டுப்போகாதபடி, அரங்கின் நடுவே முதல்வரின் மணிவிழா பேனர் திரையாகக் கட்டப்பட்டிருந்தது. இருபுறமும் முதல்வரே சிரித்துக்கொண்டிருந்தார். வந்திருந்தவர், சின்னப்பையன் வழக்கமாகப் போனில் கூப்பிடும் கால்நடை மருத்துவர் மோகன்; நல்ல மனிதர். பருவம், சினை, ஈற்று என்று சரளமாகப் பேசினார். ஒழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால், மாடுகள் கண்ட இடத்தில் மேயக் கூடாது என்றும் சொன்னார். குழு எழுந்து நின்று கைதட்டியது.

"மாட்டைப் பத்தி எதனா சந்தேகம் இருந்தா தாராளமா கேக்கலாம்," என்றார் முதல்வர்.

செவ்வந்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்த தோழி ஏஞ்சல் தாவணி நுனியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, மானம் போவுது!"

"சார், எங்க வூட்டு கெடேரிக்கு ரத்தம் படுது சார். நிக்கவே மாட்டுது."

"பருவம் முடிஞ்சா லேசாப் படும்மா. பயப்பட வேணாம்," என்றார் டாக்டர்.

"லேசா இல்ல சார். பாதி மாசம் போவுது. எழுந்தா தள்ளாடுது."

டாக்டர் நிமிர்ந்தார். "தீனி எடுக்குதா?"

"பாதி சோறு அப்படியே வச்சிடுது சார்."

"கண்ணு கீழ் ரெப்பைய இழுத்துப் பாத்தியா?"

"வெள்ளையா கீது சார். கண்ணாடில பாத்தேன்."

"மாட்டுக்கே கண்ணாடி காட்டிகீதுடா!" என்று பேனருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். அரங்கம் அதிர்ந்தது. முதல்வரும் பண்பாட்டின் எல்லைக்குள் நின்று சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கும். இப்படியே விடக் கூடாது. கன்னு போட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னாங்களா?"

"எங்கம்மா சொன்னாங்க சார்."

"தப்பு. நாளைக்குக் காலையில நானே வந்து பாக்கறேன்."

செவ்வந்தி உட்கார்ந்தாள். அவள் உடம்புக்காக ஒருவர் பதறியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் இரவே போனில் சொல்லிவிட்டதால், மறுநாள் சின்னப்பையன் வேலைக்குப் போகவில்லை. செவலையைக் குளிப்பாட்டி, அதன் முகத்தையும் வாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "செவலைக்கு இம்மா பேஜாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்று வீட்டாரைத் திட்டினார். டாக்டர் வந்து, கையுறை மாட்டி, முழங்கை வரை விட்டுப் பார்த்தார்.

"ஜம்முனு இருக்குதே சின்னப்பையா! ஏம்மா, நீ சொன்ன கிடேரி எது?"

செவ்வந்தி கூரைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பி.காம். படிக்குது சார்."

சிட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னப்பையன் ஆகாயத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட உதவிக்கு வரவில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு வந்து, செவ்வந்தியின் கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தார். எந்தப் பிராணிக்கும் ரெப்பை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

செவலையின் முதுகைப் பார்த்துச் சின்னப்பையன் கேட்டார். "சார்… மாட்ட எங்க இட்டுக்கினு போணும்?"

"செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. லேடி டாக்டர் இருப்பாங்க."

"மாட்டுக்கு ஸ்கேன்லாம் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க."

"மாடு… பொழச்சிக்கும் இல்ல சார்?"

செவலை அவர் கையை நக்கியது.

"இன்னிக்கே போனா ஒண்ணும் ஆகாது."

"சிட்டம்மா! இன்னா நின்னுக்கினு கீற? பொடவைய மாத்து. பஸ் பூடும்!"

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தப்போக்கு மாத்திரையில் அடங்கிவிடும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார்கள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிய, செவ்வந்தி கல்லூரிக்குத் திரும்பி, வராத நாட்களுக்குக் காரணம் சொல்ல முதல்வர் அறைக்குப் போனாள். முகாம் அறிக்கை அதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய், பாராட்டும் வந்திருந்தது. 'மாணவியர் எவருக்கும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. பயனாளி: பசு ஒன்று.' மற்றக் கல்லூரிகளும் இம்முறையைப் பின்பற்றலாமாம்.

"ஏம்மா இத்தனை நாள் வரலை?"

"ஆஸ்பத்திரில இருந்தேன் சார். எனக்கு ரத்தம்…"

முதல்வர், எதிரே வரும் லாரியை நிறுத்துவதுபோல் கையை உயர்த்தினார். "அதெல்லாம் இங்க பேசக் கூடாதும்மா. மாட்டுக்கு உடம்பு சரியில்லைன்னு அன்னிக்கே சொன்னியே, அதையே காரணமா வச்சிக்குவோம். கௌரவமான காரணம்." கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். திறந்தவர், உண்மையான பரிவோடு கேட்டார். "இப்ப மாடு எப்படி இருக்கு?"

"நல்லா கீது சார். உங்க எதிர்லதான் நின்னுக்கினு கீது."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். செவ்வந்தியின் தோளுக்கு மேல் எட்டி, வாசலை, மைதானத்தை, சைக்கிள் ஸ்டாண்டை எல்லாம் கவனமாகப் பார்த்தார்.

"எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே!"