ஒற்றைக்கதவுக்காரர்

ஒற்றைக்கதவுக்காரர் என்றொரு பிராணி உண்டு. பல்லி மாதிரி எங்கும் காணலாம்.

கலியாணத்துக்குச் சொல்லப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். திரும்பும்போது எட்டிப் பார்ப்பார்கள். நமது பிராணி பூட்டிய வாசலிலேயே குந்திவிடும். கேட்டால், "வரிசை எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்னும்.

சுனாமி அடித்த அடுத்த மாதம் இதில் உயர்ரகம் ஒன்று, துசாந்தன் என்ற பெயரில், மெல்பேர்னிலிருந்து கறுத்தக் கண்ணாடியும் தடித்த யுனிக்ஸ் புத்தகமுமாக மட்டக்களப்புப் புளியந்தீவில் வந்திறங்கியது. முகாம்களின் கணினிகள் தொலைபேசிக் கம்பிவழியே நிவாரண அலுவலகத்துச் சேர்வருடன் பேச நிரல் எழுதித் தருகிறேன் என்றது. எழுதியும் தந்தது: ஒரு முகாமின் சொக்கெற்றை, அதாவது அதனோடு பேசும் இணைப்பு வாசலை, திறந்தால், அது வாய் திறக்கும்வரை வேறெதையும் திரும்பிப் பாராத நிரல். ஒருநாள் காலை வாகரை முகாமின் கம்பி பேச்சின் நடுவில் ஊமையானது. சேர்வர் கல்லாய்ச் சமைந்தது.

அலுவலகத்துத் தர்சினி ஓடிவந்தாள். "அண்ணன், செட்டிபாளையம் முகாம் கூப்பிட்டுக்கிட்டே நிக்குது. மருந்து வான் பகலுக்கு வெளிக்கிடுது. என்ன வேணுமாமெண்டு பாக்கவேணும்."

"பிரச்சினையில்ல தங்கச்சி. நொன்-புளொக்கிங் ஆக்கிவிடுறன்."

ஆக்கினார். இனிமேல் சொக்கெற் காக்கவைக்காது. "இப்போது ஒன்றுமில்லை, பிறகு வா" என்று உடனே சொல்லிவிடும். புத்தியுள்ளவன் அடுத்த சொக்கெற்றுக்குப் போவான். நம்மவர்? வாகரையிடமே மறுபடி கேட்டார். மறுபடியும். நொடிக்கு இலட்சம் தடவை. முன்பு தூங்கிக்கொண்டு காத்திருந்த சேர்வர் இப்போது மூச்சிரைக்க ஓடியபடி காத்திருந்தது. இதற்குப் பெயர் முன்னேற்றம்! எல்லாச் சொக்கெற்றுகளையும் ஒன்றாகக் கவனித்து, பேசத் தயாரானதைக் காட்டித்தரும் 'செலக்ட்' என்ற கட்டளை அவருடைய புத்தகத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் முறை வரவில்லை போலும்.

வான் போய்விட்டது.

பின்னேரம் செட்டிபாளையம் முகாமிலிருந்து மங்கையற்கரசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். "காலையிலயே அனுப்பினம் தம்பி, அப்பாக்கு இன்சுலின் முடிஞ்சுபோச்செண்டு. வான் வந்தது, ஊசிமருந்து வரல்ல. மனிசன் சுருண்டு கிடக்காரு."

துசாந்தன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கொஞ்சம் இரிங்க அக்கா. வாகரை முடியட்டும்."

"வாகரை முடியுமட்டும் இரிந்தா எங்கட அப்பா முடிஞ்சிருவாரு!"

தர்சினி ஐஸ் பெட்டியைத் திறந்து, மருந்துக் குப்பியை அவள் கையில் திணித்து, தெருவுக்கு ஓடி ஓட்டோவை மறித்தாள். அந்தத் தகப்பன், வேலப்போடி, பிழைத்தார். அவருக்காக அனுப்பிய கோரிக்கையோ கடைசிவரை சேர்வருக்குள் நுழையவேயில்லை.

நீங்கள் அந்த வகையில்லை என்கிறீர்கள். நல்லது. பதிலே தராத அந்த ஒருவரின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தும் விரலை மட்டும் சற்று எடுங்கள். கைபேசித் திரையில், கீழே, தவறிய அழைப்புகள் எத்தனை? எல்லாம் ஊரிலிருந்து வந்த எண்கள்தானே?